மூடியைத் தூக்கினால் முட்டை சாகுமா

மீன் முட்டைகளைக் குஞ்சு பொரிக்கவைக்கும் எங்கள் பொரிப்பகத்தில் காலை வேலைக்கு ஒரு தாள் உண்டு. நீரின் வெப்பநிலை, நீரோட்டம், செத்த முட்டைகளைப் பொறுக்குதல், கண் பார்த்தல் என்று வரிசையாகக் கட்டங்கள். அதைத் தயாரித்தவள் நான். முட்டை அறைக்குள் போனால் கை நனைந்துவிடும். நனைந்த கையுறையோடு பேனா பிடிக்க முடியாது. அதனால் அலுவலகத்திலேயே எல்லாக் கட்டங்களிலும் சரி போட்டுவிட்டு, பிறகு உள்ளே போய் அவற்றைச் செய்வேன். இரண்டு குளிர்காலம் அப்படித்தான். எதையும் செய்யாமல் விட்டதில்லை என்பதால் அது பொய் என்று எனக்குத் தோன்றியதில்லை.

நாங்கள் சால்மன் பொரிக்கவைக்கிறோம். ரைன் நதியில் சேரும் எங்கள் சிற்றாற்றில் அந்த மீன் எப்போதோ அற்றுப்போனது. குஞ்சுகளை ஆற்றில் விடுகிறோம். அவை கடலுக்குப் போய், மிகச் சில திரும்பி வருகின்றன. அந்த ஆண்டு திரும்பி வந்து ஆற்றில் நாங்கள் வைத்த கூண்டுக்குள் ஏறிய தாய்மீன் ஒன்றே ஒன்று. முட்டைகளை நீரோடும் தட்டுகளில் பரப்பிவைப்போம். மற்றத் தட்டுகளில் இருந்தவை தொட்டியில் வளர்த்த மீன்களின் முட்டைகள். கடைசித் தட்டில் இருந்தவை மட்டும் அவளுடையவை.

அறையைத் துப்புரவு செய்ய வந்த அக்காவுக்கு அந்தத் தட்டில் ஒரு தனி அக்கறை. இலங்கையின் மன்னார்க்காரி, அறுபதை நெருங்கியவர், ஒரு துப்புரவு நிறுவனத்தின் மூலம் எங்களிடம் வேலை செய்தார். ஒருநாள் நான் மூடியைத் தூக்கி அவருக்குக் காட்டினேன்.

"கடலுக்குப் போட்டு வந்ததுக்கு இவ்வளவு மரியாதையோ பிள்ளை?" என்றார். "நான் வந்திறங்கேக்கை ஒருத்தரும் ஒரு தேத்தண்ணி தரேல்லை."

சால்மன் முட்டைக்குள் குஞ்சின் கண் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்வரை முட்டையை அசைக்கக் கூடாது. கண் தெரிந்த பிறகு முட்டை உறுதியாகிவிடும். அப்போது அவற்றைக் குழாயால் உறிஞ்சி, உயரத்திலிருந்து வாளிக்குள் விழவைப்போம். கருவில்லாதவை அந்த அதிர்ச்சியில் வெளுத்துவிடும், பொறுக்கி எறியலாம். கண் தெரியும் முன் அதைச் செய்தால் உயிருள்ளவையும் சாகும். அந்த நாள் எது என்பதை, ஒவ்வொரு நாள் வெப்பநிலையையும் ஓர் அட்டவணையில் கூட்டிக் கணக்கிடுவோம். கணக்கு சொன்னாலும் விளக்கைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கட்டம்.

அன்று என் அட்டவணை எல்லாத் தட்டுகளுக்கும் நாள் வந்துவிட்டது என்றது. முதல் தட்டுகளில் கண்கள் தெளிவாகத் தெரிந்தன. கடைசித் தட்டுக்கு வந்தபோது விளக்கு பக்கத்தில் இல்லை. கட்டத்தில் சரி ஏற்கெனவே போட்டிருந்தது. குழாயை வைத்து உறிஞ்சி, அவற்றையும் வாளிக்குள் விழவைத்துத் தட்டில் திரும்ப இட்டேன்.

மறுநாள் காலை அந்தத் தட்டு சோறு கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. சிலவற்றை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். ஒன்றிலும் கண் இல்லை. பிறகு அட்டவணையைத் திறந்தேன். அந்தத் தட்டை மட்டும் நாங்கள் குளிர்ந்த ஆற்றுநீரில் வைத்திருந்தோம். என் கணக்கில் மற்றத் தட்டுகளின் கிணற்றுநீர் வெப்பநிலை ஓடிக்கொண்டிருந்தது. முழுவதும் எனக்குப் புரிய சில நிமிடங்களே ஆயின. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்: பொரிப்பகத்தின் பொறுப்பாளர் அறைக்குள் வருமுன்பே எனக்குத் தெரியும்.

அவர் என் தாளைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் மாலையில் அறைக்குள் இருந்தது யார் என்று கேட்டார். அக்காவைக் கூப்பிட்டார். அக்கா டொச் என்று சொல்லும் ஜேர்மன் மொழி அவருக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது, தமிழில் கேள் என்று என்னிடம் சொன்னார்.

"அக்கா, நேற்றுப் பின்னேரம் கடைசித் தட்டிலை கை வைச்சனீங்களோ எண்டு கேக்கிறார்."

"கை வைக்கேல்லை. மூடியைத் தூக்கிப் பாத்தனான். ஒருக்காத்தான். பாத்திட்டு அப்பிடியே வைச்சிட்டன்."

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. பொறுப்பாளர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, மூடியைத் தூக்கினா முட்டை சாகுமோ?"

சாகாது. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

"தெரியேல்லை அக்கா," என்றேன்.

அந்தக் கிழமையே துப்புரவு நிறுவனம் அவரை வேறிடத்துக்கு மாற்றியது. நகரத்தின் மறு முனையில் ஒரு மருத்துவமனை, இரண்டு பஸ் மாற வேண்டும். அவருடைய இடத்துக்கு வந்த பெண் முட்டை அறை வாசலிலேயே நின்றுகொண்டாள். "முன்பு இருந்தவர்தான் மீன்களைக் கொன்றாராமே, நான் எதைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள்," என்று கேட்டாள். தொடக் கூடாதவற்றை அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவதோடு நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. அட்டவணையைக் கேட்டார், பார்த்தார், இனித் தட்டின் பக்கத்தில் நின்றுதான் சரி போட வேண்டும் என்றார். துப்புரவு நிறுவனத்துக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொல்லி, அக்காவைத் திரும்ப அனுப்பும்படி கேட்டார். என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாரிடமும் சொல்ல இதுவரை கூசியே வந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் மருத்துவமனைக்கு முன்னால் உள்ள பஸ் தரிப்பில் அக்காவுக்காகக் காத்திருந்தேன். என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே சொல்லி முடித்துவிட வேண்டும் என்று நினைத்து வேகமாகச் சொன்னேன்.

"அப்ப, என்னட்டைக் கேக்கேக்கையே உனக்குத் தெரியும்."

"ஓம் அக்கா."

"நான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லேக்கை அந்த மூடிதான் வந்து நிக்கும். ஆண்டவரே, கொஞ்சம் பலமா வைச்சிட்டனோ எண்டு."

"திரும்பி வாங்கோ அக்கா. அவரே கேட்டிருக்கிறார்."

"ஏலாது. தரை எங்கையும் தரைதான். இங்கை ஆரும் எனக்கு மொழிபெயர்க்க வரமாட்டினம்." இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் நேராக வைத்தார். "நீ நல்லாத்தான் மொழிபெயர்த்தனி. எனக்கு டொச் விளங்கும் பிள்ளை. நான் சொன்னதிலை ஒண்டும் நீ விடேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். அக்கா பையைத் திறந்தார். ஃபோனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார்.

"என்ரை மகள். அம்மா, உங்களுக்கு எல்லாத்திலையும் கை வைக்கிற பழக்கம் எண்டு பேசினவள். மூடியைத்தான் தூக்கினனான் எண்டு சொல்ல, அவள் நம்பேல்லை. அவளுக்குச் சொல்லு. டொச்சிலை சொல்லு, வடிவா விளங்கட்டும்."

ஃபோனை என் கையில் வைத்தார். மறுமுனையில் என் வயதுக் குரல், என்னைப் போலவே இங்கு வளர்ந்த குரல், யார் பேசுவது என்று ஜேர்மனில் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். அவள் அம்மா அந்தத் தட்டுக்கு எதுவும் செய்யவில்லை, முட்டைகளைக் கொன்றது நான் என்று சொன்னேன். அதைத் தொடர்ந்து காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன்: கிணற்றுநீர், ஆற்றுநீர், அட்டவணை.

"அது இருக்கட்டும்," என்றாள் அவள். "அம்மா உன்னிடம் மூடியைப் பற்றி ஏதோ கேட்டாராம். அதற்கு நீ என்ன சொன்னாய்?"

அக்கா வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் வரவில்லை. அன்று அக்காவுக்குச் சொன்ன அந்த இரண்டு சொற்களையும் அவளுக்கு ஜேர்மனில் மொழிபெயர்த்துச் சொன்னேன்.