ரோசியின் விலா

போன கிழமை பேத்தியோடு கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவர யாரோ ஒரு குதிரை கொண்டுவந்திருந்தார்கள். அதன் வியர்வை மணம் காற்றில் வந்ததும் நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். ஏன் என்று அவள் கேட்டாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அறுபதுகளில் மட்டக்களப்பில் எனக்கு முதல் உத்தியோகம். வண்டி இழுக்கும் மிருகங்கள் வேலைக்குத் தகுதியா என்று பார்த்துத் துண்டு எழுதிக் கொடுக்கவேண்டும். வெள்ளைக் காற்சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்றில் மை இருக்காது.

வந்ததெல்லாம் மாடுகள்தான். ஒரேயொரு குதிரை வண்டி சூசையண்ணருடையது. நெடுந்தீவிலிருந்து வந்த மட்டக்குதிரை, பெயர் ரோசி. மனைவி செத்தபிறகு அவர் வீட்டில் இருந்த சீவன் அது மட்டும்தான். ஒரு மாரிக்காலக் காலையில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். காத்தான்குடிக்குச் சீமெந்து ஏற்ற ஒப்புக்கொண்டிருந்தாராம். ஆனால் ரோசி சாப்பாட்டை மிச்சம் வைக்கிறதாம், பாலம் ஏறினால் நெடுநேரம் மூச்சு வாங்குகிறதாம். ஏலாது என்று நான் எழுதித் தந்தால் முதலாளியிடம் காட்டித் தவணை கேட்கலாம் என்றார்.

"ஒருக்கா கை வச்சுப் பாருங்க ஐயா."

விலாவை விரலால் அழுத்தித்தான் சதை பார்க்கவேண்டும் என்று படித்திருந்தேன். ஆனால் ரோசி மழையில் நனைந்து நின்றது, மயிரெல்லாம் சேறு. சுற்றி ஒரு நடை நடந்தேன். வயிறு உருண்டு திரண்டிருந்தது. நல்லாச் சாப்பிட்டிருக்கிறது என்று சிரித்தபடி, தகுதி என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவரும் தெளிந்த முகத்தோடுதான் போனார்.

நாலாம் நாள் கல்லடிப் பாலத்து ஏற்றத்தில் ரோசி முன்னங்கால் மடிந்து விழுந்தது. கேள்விப்பட்டு ஓடினேன். அதன் தலையை மடியில் வைத்தபடி அவர் தெருவில் இருந்தார். நானும் முழங்காலிட்டுக் கை வைத்தேன். அடர்ந்த மயிருக்குக் கீழே எலும்புதான், ஒவ்வொன்றாக விரலில் தட்டியது. வயிறு பூச்சியால் ஊதிக் கிடந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

அன்றைக்கு நான் தொட்டே பார்க்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியும் தம்பி. பாத்துக்கிட்டுத்தானே நிண்டன்" என்றார். பிறகு, "நல்லா இருக்கு எண்டு ஆராவது சொல்லக் கேக்கணும் போல கிடந்திச்சு" என்றார்.

வண்டியை விறகுக்குக் கொடுத்துவிட்டு மன்னாரில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வண்டிகளின் இடத்துக்கு லொறிகள் வந்தன, என் வேலை ஊர்ஊராகக் கால்நடை பார்ப்பதாயிற்று. ஓய்வு பெறும்வரை, தூரத்து உன்னிச்சைக் கிராமம் மட்டும் போய், சேற்றில் நின்ற எருமைகளைக்கூட ஒன்று விடாமல் கை வைத்துப் பார்த்தேன். குதிரை ஒன்றும் பிறகு என்னிடம் வரவில்லை.