அம்மா வந்து எடுத்த பாட்டு

எங்கள் அம்மா பாடாமல் எந்த வேலையும் செய்ததில்லை. அரிசி களைந்தால் ஒரு மெட்டு, எனக்குத் தலை சீவிவிட்டால் இன்னொன்று. அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அங்கேயும் அவள் பாட்டுதான் ஓடும். சாமிப் பாட்டு, சும்மா பாட்டு என்று அவள் பிரித்து வைத்ததே இல்லை. மாரியம்மனைக் கூப்பிடுகிற அதே ராகத்தில் பால் குடிக்க வந்த பூனையையும் விரட்டுவாள்.

அந்தப் பங்குனிப் பொங்கலுக்குத்தான் என்னை முதன்முதலாகக் கும்மி வட்டத்தில் சேர்த்தார்கள். பாட்டெடுத்துக் கொடுப்பது அம்மா. அவசர ஆர்டர் என்று அன்றும் அரைநாள் வேலைக்குப் போயிருந்தாள். நானோ மத்தியானமே பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, வளையல் குலுங்க வீட்டுக்கும் கோயிலுக்குமாகப் பறந்துகொண்டிருந்தேன்.

அப்போது தூரத்தில் ஒரு பெரிய சத்தம். திருவிழா வெடி என்று நினைத்துக் குதித்தேன். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த சித்தி அப்படியே நிமிர்ந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கைகூடக் கழுவாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். தெருவெல்லாம் போனும் கையுமாக நின்றது. யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

எனக்கு ஒரே கவலைதான்.

"சித்தி, அம்மா எப்ப வரும்? கும்மிக்கு நேரமாச்சுல்ல?"

"வந்துருவாட்டி. செத்த பேசாம இரு."

பேசாமல் எப்படி இருப்பது? கோயிலில் மேளம் கட்டிவிட்டார்கள். வெயில் தாழ்ந்துவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில், ரோட்டுப் பக்கமிருந்து பாட்டு கேட்டது.

"வாரோம் வாரோம் மாரியாத்தா, வாசலத் தொறந்து வையி தாயே!"

அம்மாவின் குரல்! அவள் குரலுக்குப் பின்னால் கம்பெனி வேன் நிறைய குரல்கள். தெருவே எழுந்து ஓடியது. எல்லோருக்கும் முன்னால் நான்.

வேன் நிற்பதற்குள் டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்: "நம்ம கம்பெனி இல்ல, பக்கத்துக் கம்பெனி! ஷெட்டுதான் இடிஞ்சு போச்சு, ஆளுக அம்புட்டுப் பேரும் பொழைச்சுக்கிட்டாக! ரோட்ட மறிச்சுட்டாக, அதான் லேட்டு!"

அம்மா குதித்து இறங்கினாள். கையெல்லாம் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து. வீட்டுக்குப் போகவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. நேராகக் கோயிலுக்கு நடந்தாள், பாட்டை விடாமலே.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்கே? கையக் கொட்டு!"

கொட்டினேன். உள்ளங்கை எரிய எரியக் கொட்டினேன். வேனில் வந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளை ஓரமாக வைத்துவிட்டு வட்டத்துக்குள் நுழைந்தார்கள். ஒரு வட்டம் இரண்டாகி, இரண்டு மூன்றானது. முடியப்போகிற பாட்டை அம்மா மறுபடி முதலிலிருந்து எடுத்தாள்; தொண்டை கட்டிய பிறகும் எடுத்தாள். மாரியம்மனே இறங்கி வந்து என் பக்கத்தில் கும்மியடிக்கிறாள் என்று தோன்றியது எனக்கு.

பெண்கள் கும்மிப் பக்கம் எட்டிப்பார்க்காத அப்பா, வேனுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்து, அன்றைக்கு வட்டத்தின் ஓரத்தில் நின்று, அம்மாவையே பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டுகூடத் தாளத்தில் விழவில்லை. என் வயதுச் சோட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்று எனக்கு மானம் போனது. நடுங்குகிற கையில் தாளம் நிற்காது என்பது அப்போது எனக்குத் தெரியாது.