செருப்பு ஸ்டாண்டில் ஒரு நெட்வொர்க்

பல்லின் பின்புறத்தைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் செருப்பு ஸ்டாண்டின் இடுக்கில் நுழைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். மேல் தட்டில் பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. கீழ்த் தட்டில் ஒன்று அணைந்து கிடக்கிறது. "என்னடா செல்லம், எப்பயிருந்து வலி?" என்று அதனிடம் கேட்கிறார்.

கேட்பவர் பல் மருத்துவமனையில் பதினேழு வருடமாக வரவேற்பு மேஜையில் உட்காருகிறவர். வயது நாற்பத்தேழு. எனக்கு நேர் மேல் வீடு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். நெட்வொர்க் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குவதற்காக வீட்டிலேயே ஒரு பயிற்சிக்கூடம் வைத்திருக்கிறார். அந்தச் செருப்பு ஸ்டாண்டுதான் பயிற்சிக்கூடம். பெரிய அலுவலகங்களில் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டி வைக்கும் சாமான்கள் இங்கே தட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. செருப்புகள் குளியலறை வாசலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

சாமான்கள் எல்லாம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியவை. மூடிப்போன ஏதோ கம்பெனியின் நெட்வொர்க் சுவிட்சு மூன்று, ரவுட்டர் இரண்டு, ஒரு சாக்கு நிறையக் கேபிள். "வெங்காயம் மாதிரி நிறுத்து வாங்கிட்டு வர்றா" என்பார் பஸ் ஓட்டுநரான அவர் கணவர். கேபிள்களைக் கட்டியிருப்பது பல் இடுக்கு நூலால்; கிட்டே போனால் புதினா வாசனை அடிக்கும். ஒவ்வொரு பெட்டி மேலும் மருத்துவமனைச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. நோயாளி: ரவுட்டர் இரண்டு. வயது: ஒன்பது. புகார்: சூடாகிறது.

மருத்துவமனையில் இணையம் நின்றால் ஒரு கம்ப்யூட்டர்காரர் வருவார். அக்காவை நாற்காலியோடு தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்து எழுந்து போவார். ஒருநாள் அக்கா, "என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார். "சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா" என்றாராம். அன்று சாயங்காலமே இரும்புக் கடைக்குப் போய்விட்டார் அக்கா. அதன்பின் இரண்டு தடவை பரீட்சை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டார். கணவருக்குத் தெரியாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததை என்னிடம் சொன்னார். சொல்லி முடித்ததும், "உன் ஃபிரிட்ஜ் மேல எடம் இருக்கா?" என்று கேட்டார்.

அப்படித்தான் என் வீடு அவருடைய கிளை அலுவலகம் ஆனது. அவர் பால்கனியிலிருந்து ஒரு கேபிள் தொங்கி, என் சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்து, ஃபிரிட்ஜ் மேலிருக்கும் ஒரு கிழட்டு லேப்டாப்பில் முடிகிறது. போன் செய்தால், "கிளை மேனேஜர் இருக்காரா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் வீட்டுக்குள்ளேயோ நெட்வொர்க்கே பிரிவு பிரிவாக இருக்கிறது. சமையலறை ஒரு பிரிவு, மகள் ஒரு பிரிவு, வருகிறவர் போகிறவருக்கு ஒரு பிரிவு. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றை எட்டிப் பார்க்க முடியாது. ஊரிலிருந்து வந்த நாத்தனாருக்கு விருந்தாளிப் பிரிவு ஒதுக்கப்பட்டது. அவர் போனிலிருந்த பேரன் படத்தை டிவியில் காட்ட முடியவில்லை. ஏனென்று கேட்டதற்கு அக்கா பொறுமையாக, "நீங்க வேற பிரிவு அண்ணி" என்று விளக்கியிருக்கிறார். "பொறந்த வீட்டுலயே என்னைத் தனியாப் பிரிச்சு வச்சுட்டா பாத்தியா!" என்று நாத்தனார் அன்றே பெட்டியைக் கட்டிவிட்டார்.

இந்தப் படிப்பில் கணவருக்கும் ஒரு வேலை உண்டு. தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன்பு ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா வந்து கண்டுபிடிக்க வேண்டும். முதலில் மனிதர் கேபிளைப் பிடுங்கிப் போட்டார். "இதெல்லாம் ஒரு கோளாறா? கொழந்தைகூட பண்ணும்" என்று அக்கா திட்டியதில் ரோஷம் வந்துவிட்டது. மகளிடம் பாடம் கேட்டு, ரவுட்டரின் முகவரி எண்ணில் ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றக் கற்றுக்கொண்டார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் புதுக் கோளாறு யோசிப்பாராம். நல்ல கோளாறு அமைந்த நாளில் மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டே இறங்குவார். என்ன கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார்.

மூன்றாவது பரீட்சை போன சனிக்கிழமை. அதற்கு முந்தின புதன் சாயங்காலம் அக்காவுக்குக் கிளை அலுவலகத்தோடு இணைப்பு கிடைக்கவில்லை. ஸ்டாண்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார், ஒன்றும் அகப்படவில்லை. வியாழனும் அப்படியே. கணவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்திருக்கிறார். எந்தக் கையால் செய்திருப்பார், குனிந்து செய்தாரா, நின்றபடி செய்தாரா என்று நோட்டில் எழுதி வைத்தார். "கீழ எங்க வீட்டுல பாக்கட்டுமாக்கா?" என்று நான் கேட்டபோது, "வேணாம். அவர் கை உன் வீடு வரைக்கும் நீளாது. கோளாறு இங்கதான் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை என்னையும் மேலே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சரணடைந்தார்.

"தோத்துட்டேங்க. என்ன பண்ணீங்கன்னு சொல்லிடுங்க."

"எப்போ?"

"புதன்கிழமை."

கணவர் மோர் தம்ளரைக் கீழே வைத்தார். "புதன்கிழமை நான் எதையும் தொடலியேம்மா. லேட்டாயிடுச்சு, அப்படியே ஓடிட்டேன். நேத்தும் இன்னிக்கும் நீ திணறுறதப் பாத்து, பாவம்னு விட்டுட்டேன்."

"அப்ப மூணு நாளா நான் என்னத்தத் தேடினேன்?"

அக்கா எழுந்து விறுவிறுவென்று என் வீட்டுக்கு இறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். சமையலறையில் நின்று ஜன்னலைப் பார்த்தார். தள்ளுக் கதவு. புதன்கிழமையிலிருந்து மழை, வேலை விட்டு வந்ததும் ஆறு மணிக்கு இழுத்துச் சாத்திவிடுவேன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அவருடைய கேபிள் பல்லிடுக்கில் மாட்டிய நாக்கு மாதிரி நசுங்கிக் கிடந்தது. அக்கா கதவைத் திறந்தார். லேப்டாப்பில் விளக்கு எரிந்தது. சாத்தினார்; அணைந்தது. நாலைந்து தடவை திறந்து சாத்தினார்.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"நீ ஏன் மன்னிப்புக் கேக்குற? இவரோட மூளைக்குள்ள தேடிட்டு இருந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றார். பிறகு வேறு கேபிள் கொண்டுவந்து மாட்டி, அது நுழைவதற்குச் சட்டத்தின் மூலையில் தானே ஒரு ஓட்டையும் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

சனிக்கிழமை பரீட்சை பாதியில் இருக்கும்போது மையத்தில் நெட்வொர்க் நின்றுவிட்டதாம். யாரும் எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. மூலையிலிருந்த சுவிட்சில் ஒரு கேபிள் பாதி கழன்று தொங்குவது அக்காவின் இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்திருக்கிறது. சரிசெய்ய வந்தவர் முக்கால் மணி நேரம் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அதை மாட்டினார். "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அமுக்கிட்டு உக்காந்திருந்தேன். இல்லேன்னா எந்திரிச்சிருப்பேன்" என்றார் அக்கா. கையில் புடவைச் சரிகையின் தடம் அப்படியே இருந்தது.

தேறிவிட்டார். முடிவு அங்கேயே திரையில் வந்துவிட்டது. மாடிப்படியில் வைத்து எங்களிடம் சொன்னபோது மகள் கத்தியதில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கணவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே, "அப்ப இனிமே காலைல எனக்கு வேல இல்ல" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, படியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை இறுக்கப் பொத்திக்கொண்டார்.

"ம், உள்ள போங்க" என்றார். "நான் பாக்கல."