தற்போதைய தலைவர் யார்?

எங்கள் கடையில் ஜெராக்ஸ் எடுக்கலாம், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யலாம், ஆதார் அட்டைக்கு லேமினேஷன் போடலாம். மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் வந்தால் நடப்பு நிகழ்வுகள் புத்தகமும் கிடைக்கும். அதற்கு மேல் வந்தால் தீர்ந்துபோயிருக்கும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. கல்லாவில் இருப்பது நான். சேத்தூர் பஸ்ஸில் இறங்கும் பிள்ளைகள் தோளில் பையோடு நேரே வந்து, "இந்த மாசம் வந்துருச்சாக்கா?" என்று கேட்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். நீங்களும் எழுதினீங்களா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, எழுதினேன் என்று மட்டும் சொல்வேன்.

இந்தக் கடை என் மாமனாருடையது. நான் மகாராஜபுரத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். பெண் பார்க்க வந்த அன்றே நான் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டோம். மாமாவுக்கு அதில்தான் பிடித்துப்போயிற்று. பொண்ணு படிக்கட்டும், கவர்மெண்ட் வேலை வந்தால் எங்களுக்குத்தானே பெருமை என்றார். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். அதை இன்றைக்கும் நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மாமாவுக்கு ஒரு பழக்கம், பேப்பரைச் சத்தமாகத்தான் வாசிப்பார். காலைக் காபி குடித்ததும் முன்ரூமில் உட்கார்ந்து தலைப்புச் செய்தியில் ஆரம்பித்தால் டெண்டர் விளம்பரம் வரைக்கும் விடமாட்டார். அடுப்படியில் இருந்தாலும் சரி, குளித்துக்கொண்டிருந்தாலும் சரி, யாரும் தப்ப முடியாது. மற்றவர்கள் அதைக் காதில் வாங்கியதே இல்லை. நான்தான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எந்த நாட்டில் மாநாடு, யாருக்கு என்ன விருது, எந்த ராக்கெட் எதைத் தூக்கிக்கொண்டு போனது என்று மனதில் போட்டு வைத்தேன். முதலில் அது எனக்கு உதவியாகத்தான் இருந்தது.

பிறகு அது வேறு மாதிரி ஆனது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா என்னைக் கூப்பிடுவார். "எங்க மருமகட்ட எது வேணாலும் கேளுங்க" என்பார். வந்தவர் காபியை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் முழிப்பார். மாமாவே அன்றைய பேப்பரிலிருந்து நாலு கேள்வியை எடுத்துவிடுவார். நான் பதில் சொல்வேன். பூம்பூம் மாட்டைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போகிறவனுக்கு மாட்டின் மேல் பாசம் இல்லாமலா இருக்கும்? மாட்டிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தேர்வு எழுதினேன், இரண்டும் போயிற்று. இதற்கு நடுவில் கடையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். கல்லாவுக்கு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறவர், அவரால் முடியாது. அத்தைதான் பேச்சை எடுத்தார். இந்த ஒரு தடவை எழுதட்டும், வந்தால் வேலைக்குப் போகட்டும், வரவில்லை என்றால் கடைக்கு வந்துவிடட்டும் என்றார். எல்லோரும் சரி என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். அரசாங்கக் கணக்கில் எனக்கு இன்னும் வயது இருந்தது. வீட்டுக் கணக்கில் இதுதான் கடைசி.

சனி, ஞாயிறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கோச்சிங் போனேன். பால்கோவா கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. கீழே பால் சுண்டுகிற வாசனையில் மேலே அரசியலமைப்புச் சட்டம் படித்தோம். நடப்பு நிகழ்வுகள் எடுத்த வாத்தியார் எங்களைவிடச் சின்னப் பையன், அவனும் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவன்தான். அவன் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வான். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பேப்பரை மூடிவிடுங்கள். கேள்வித்தாள் எப்போதோ தயாராகி அச்சாகியிருக்கும். கேள்வி எடுத்தவருக்கு அன்றைக்கு எது உண்மையோ அதுதான் விடை. அதற்குப் பிறகு யார் பதவிக்கு வந்தார், யார் போனார் என்று தெரிந்துகொள்வது நமக்கு நஷ்டம். ரொம்பத் தெரிந்தவன்தான் அங்கே தோற்பான்.

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கடைசி மாதம் பேப்பர் பக்கமே போகவில்லை. ஆனால் மாமாவின் குரல் இருக்கிறதே. மாமனாரிடம் போய், வாசிக்காதீர்கள் என்று எந்த மருமகள் சொல்வாள்? அவர் கண்ணாடியை எடுத்து மாட்டும் சத்தம் கேட்டதும் மிக்சியை ஓடவிடுவேன். தலைப்புச் செய்திக்குத் தேங்காய், மாநிலச் செய்திக்குத் தக்காளி, உலகச் செய்தி முடியும் வரை கிரைண்டர். அந்த மாதம் எங்கள் வீட்டில் சட்னிக்குப் பஞ்சமே இல்லை. ஏன் இம்புட்டு அரைக்கே என்று அத்தை ஒரு நாள் கேட்டதற்கு, அவருக்குப் பிடிக்கும் என்று மாமாவைக் கைகாட்டினேன்.

தேர்வு நாள் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். என் வீட்டுக்காரருக்கு முதல் ஷிஃப்ட். நான் கூட்டிட்டுப் போறேன் என்று மாமா வெள்ளை வேட்டி கட்டிக் கிளம்பிவிட்டார். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறுவதற்கு முன் பேப்பர் வாங்கினார். வழக்கமாக வீட்டுக்கு வருவது போதாதென்று, எனக்காக, புதுசாக, மடிப்புக் கலையாமல் ஒன்று. ஜன்னல் ஓரத்தில் என்னை உட்காரவைத்து, பக்கத்தில் அவர் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பஸ்ஸில் மிக்சி இல்லை.

இடது பக்கம் மலை கூடவே வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு மனதுக்குள் திருக்குறள் அதிகாரங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். அதையும் தாண்டி அவர் குரல் வந்தது. முதல் பக்கத்திலேயே பெரிய செய்தி. தேசிய அளவில் ஒரு வாரியம், பெயரைச் சொல்ல எனக்கு இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. அதன் தலைவரை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிட்டார்கள். துணைத்தலைவராக இருந்தவர்தான் இனித் தலைவர். மாமா அதை இரண்டு தரம் வாசித்தார். இதைக் கேட்டாலும் கேட்பான், மனசில் வச்சுக்கோ என்றார். கேள்வித்தாளெல்லாம் எப்பவோ அச்சாயிருக்கும் மாமா என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, நீ வச்சுக்கோம்மா என்று அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கேட்டிருந்தார்கள். இன்ன வாரியத்தின் தற்போதைய தலைவர் யார்? நாலு விடைகளில் பழைய தலைவரும் இருந்தார், துணைத்தலைவரும் இருந்தார். துணைத்தலைவரைச் சும்மா குழப்புவதற்காகப் போட்டிருப்பார்கள். பஸ்ஸில் மாமா அதை வாசிக்காதிருந்தால் யோசிக்காமல் பழையவரின் வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். இப்போது பேனா அங்கேயே நின்றுவிட்டது. வாத்தியார் சொன்னது முழுக்க ஞாபகம் இருந்தது. எந்த விடைக்கு மார்க் வரும் என்பதும் தெரியும். ஆனால் வாத்தியார் கேட்டில் நிற்கவில்லை, மாமா நின்றார். வெளியே போனதும் முதலில் இதைத்தான் கேட்பார். கேள்வி வந்தது மாமா, நீங்கள் சொன்னதை விட்டுவிட்டு வேறு ஆளைப் போட்டேன் என்று அவரிடம் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அவருக்குப் புரியவைக்க முடியாது. பஸ்ஸில் பூராவும் அதுதான் பேச்சாக இருக்கும், வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கும் அதுதான். துணைத்தலைவரின் வட்டத்தை நிரப்பினேன். பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் அந்தப் பேப்பரையே விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். நினைத்தபடியே கேட்டார், சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேப்பர் வாங்குனது வீண் போகல என்று வீட்டுக்குப் பால்கோவா வாங்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் முழுக் கதையும் சொன்னார். பேப்பரை அங்கேயே மரத்தடியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

விடைக்குறிப்பு வந்தபோது பழைய தலைவர்தான் சரி என்று இருந்தது. ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றார்கள். நூலகத்துக்குப் போய் அந்த நாள் பேப்பரைப் போட்டோ எடுத்து, எங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து அனுப்பினேன். இறுதி விடைக்குறிப்பிலும் அவரேதான் இருந்தார். ரிசல்ட் வந்தது. எங்கள் பிரிவுக்குக் கட்-ஆஃப் எங்கே நின்றதோ அதற்கு ஒரே ஒரு கேள்வி கீழே நான்.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய் லைட்டை அணைத்தார். பிறகு, "அப்பாட்ட சொல்லிராத. மனசு ஒடஞ்சு போயிருவாரு" என்றார். என் மனசைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாமா சொந்தக்காரர்களிடம் சொன்னது வேறு. இம்புட்டு வாசிச்சுக் காட்டியும் கரண்ட் அஃபயர்ஸ்ல கோட்டை விட்டுட்டா என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதையே சொன்னார். பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. வயசான மனிதர், தெரிந்தால் தாங்கமாட்டார் என்று பெற்ற மகனே நினைக்கும்போது நான் மட்டும் எப்படிச் சொல்ல? அந்த மாதமே கல்லாவில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வு. கடைசி நேரத்தில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தவள். மாமா கடை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தேர்வு என்றதும் அவருக்குக் கேட்கவா வேண்டும்? நாலு கேள்வி கேட்டார். அவள் டக் டக்கென்று சொன்னாள். அவருக்கு ஒரே சந்தோஷம். பரீட்சைக்குப் போகும்போது அன்றைய பேப்பரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ என்று சொல்லிக்கொடுத்தார்.

எனக்குள் என்னவோ அறுந்தது. பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"பாக்காத. யாராச்சும் வாசிச்சாக்கூடக் காதப் பொத்திக்கோ. மாமனாரே வாசிச்சாலும் பொத்திக்கோ. நான் பொத்தல. அதான் இங்க உக்காந்திருக்கேன்."

அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாமா பேப்பரைத் தாழ்த்தினார். உடைந்துபோவார், அழுவார், அத்தை என்னைக் கொன்றுவிடுவார் என்றெல்லாம் ஓடியது.

"நான் என்னைக்கிம்மா உனக்குப் பேப்பர் வாசிச்சேன், பரீட்சையன்னிக்கி?" என்றார்.

நடிக்கவில்லை. எனக்கு அவர் முகம் தெரியும். பஸ், வேப்பமரம், பால்கோவா எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஒன்றும் வரவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷமாக அவருக்குத் தெரியாமல் காத்த விஷயம் அவருக்கு ஞாபகமே இல்லை. தினம் ஒரு பேப்பர் வாசிக்கிறவருக்கு அது ஒரு நாள் பேப்பர்.

"அன்னைக்கி அப்படி என்ன சேதி வந்துச்சு?" என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக வாயால் சொல்லாத அந்தப் புதுத் தலைவரின் பெயரைச் சொன்னேன். அந்த வாரியத்தையும் சொன்னேன்.

மாமாவின் முகம் தெளிந்தது.

"அந்தாளா? அவரத்தான் மாத்திட்டாகளே. போன மாசம் பேப்பர்ல வந்துச்சே, நீ பாக்கலியா?" என்றார்.