இரவு விமானங்களுக்குக் கொடுத்த குரல்

குரல் கொடுப்பது என் தொழில். பாகூரில் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் சுவரெல்லாம் மெத்தையும் போர்வையும் கட்டி, நடுவில் மைக் வைத்திருக்கிறேன். நகைக்கடை விளம்பரம், பள்ளிப் பாடம், ஆஸ்பத்திரி அறிவிப்பு என்று எது வந்தாலும் படிப்பேன். போன அறுவடை சமயத்தில் வந்தது ஒரு விமான வீடியோ. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், இரவில் குண்டு போட வந்த விமானங்களை வேட்டையாட ஜெர்மானியர்கள் அனுப்பிய சண்டை விமானங்களைப் பற்றியது. ஜெட் சிறந்ததா, பழைய பிஸ்டன் எஞ்சின் சிறந்ததா என்பதுதான் கேள்வி.

அதை எழுதியவன் என்னோடு கல்லூரியில் படித்தவன். வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடை போக மீதி நேரமெல்லாம் அவனுக்கு விமானம்தான். அதற்கென்றே யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறான்.

அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு என்றார்கள். ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் என்று வந்தால், குரலுக்குப் போகும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டித்தான் ஓடுகிறது என்பதையும் டாக்டர் சொல்லிவைத்தார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். என் பிழைப்பு என்ன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் கடலூரில் கம்பெனி ஷிப்டுக்குப் போய்விடுவார். நான் மைக் முன்னால் உட்காருவேன். "ஜெட் வந்தது. பிஸ்டன் விமானங்களின் கதை முடிந்தது" என்பது முதல் வரி. அது எனக்கு வாயில் வரவே இல்லை. ஒரு தடவை வெளியே நெல் அறுக்கிற மெஷின். ஒரு தடவை பஸ் ஹாரன். எல்லாம் அமைதியாக இருந்தபோது நானே எச்சில் விழுங்கினேன். எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

மூன்றாம் நாள் அவன் எழுதித் தந்த காகிதத்தை முழுக்கப் படித்துப் பார்த்தேன். முதல் வரிக்கும் உள்ளே எழுதியிருந்ததற்கும் பொருந்தவில்லை. போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் இருக்க முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்கே போய்விட்டேன்.

கடையில் கூட்டமில்லை. என்னைப் பார்த்ததும் அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன், கதை முடிந்தது என்றால் போர் முடிகிற வரைக்கும் பிஸ்டன் விமானங்கள் ஏன் பறந்தன என்று.

அவன் உற்சாகமாகிவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் செல்போன் கவர்களுக்கு நடுவே அவன் ஒட்டிச் செய்த இரண்டு விமானங்கள் இருந்தன. ஜெட்டுக்கு 262 என்று பேர், பிஸ்டனுக்கு 219. இரண்டின் மூக்கிலும் ரேடாருக்காக மான்கொம்பு மாதிரி கம்பிகள். அந்தக் கொம்பே ஜெட்டின் வேகத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடுமாம். ரேடார் பார்க்கிற ஆளுக்குப் பின்னால் ஒரு சீட் வைத்ததில் உள்ளே எரிபொருளுக்கு இடம் குறைந்து, வெளியே டாங்கி மாட்ட வேண்டியதாகிவிட்டது. எஞ்சினை வெடுக்கென்று முடுக்கினால் தீப்பிடிக்கும், இல்லை அணைந்துபோகும். குண்டு சுமந்து மெதுவாக வருகிற பெரிய விமானத்தைத் துரத்தினால், குறி பார்ப்பதற்குள் தாண்டிப் போய்விடும்.

"அப்ப 219தான் நல்லதுன்னு எழுதேன்."

"அதுவும் இல்லப்பா," என்றான். 219 நெடுநேரம் இருட்டில் சுற்றிக் காத்திருக்கும். எதிரியின் வயிற்றுக்குக் கீழே போய், மேல்நோக்கிச் சாய்த்துவைத்த பீரங்கியால் சுடும். ஆபத்தென்றால் ஓட்டுகிறவனைச் சீட்டோடு வெளியே தள்ளிக் காப்பாற்றும். ஆனால் கொசு என்று பேர் வைத்து பிரிட்டிஷ்காரர்கள் மரத்தில் ஒரு விமானம் செய்திருந்தார்கள். அது அவ்வளவு வேகம். அதை விரட்டிப் பிடிக்க ஜெட்டால்தான் முடிந்தது. அந்த ஜெட்டுகளும் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற அளவுக்குத்தான் வந்தன.

யார் செய்தார்கள் இதையெல்லாம் என்று கேட்டேன். சுரங்கத்துக்குள்ளே கைதிகளை வைத்துச் செய்தார்கள், நிறையப் பேர் செத்தார்கள் என்றான். காகிதத்தில் அது இல்லையே என்றேன்.  இருக்க வேண்டியதுதான் என்று அவன் சொல்லி, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான்.

"இன்னா இன்னிக்கி, நின்னுக்குனே கீற?" என்றான் எழுதிக்கொண்டே.

அப்போதுதான் கட்டியைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.  அவன் ஒரு டீ கொண்டு வரச் சொல்லி எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தான். டீ வரும் வரை எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த வாரத்தில் முழு டீயை ஒரே இடத்தில் உட்கார்ந்து குடித்தது அங்கேதான்.

மறுநாள் புது முதல் வரியை அனுப்பினான்: "எது சிறந்தது என்பது, அன்றிரவு எதிரே யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது." வரி கொஞ்சம் நீளம். ஆனால் வாய்க்குள் நின்றது. அன்றைக்கே பாதிக்கு மேல் பதிவு செய்தேன். கைதிகளைப் பற்றிய இடத்தை மெதுவாகப் படித்தேன். கொசு வருகிற பகுதிக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

சந்தேகமாக இருக்கிறது, சுரப்பியில் பாதியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். மீதியை அப்போதே படித்து முடித்துவிடலாம் என்று மறுபடி மைக் முன்னால் போனேன். ஒரு வரியைக்கூட முழுசாகப் படிக்க முடியவில்லை. அவனுக்கு போன் போட்டு, வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"நீ நல்லாயி வா, அப்பறம் முடிக்கலாம். அந்த ஏரோப்ளேன்லாம் எங்கியும் போயிடாது."

ஆபரேஷன் ஆயிற்று. எடுத்ததில் கெட்டது எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் திரும்ப மாதக்கணக்காயிற்று. திரும்பியதும் கொஞ்சம் தடித்த, ஓரத்தில் பிசிறு விழுகிற குரல்.

அதில்தான் கொசுவையும் அதைத் துரத்திய ஜெட்டையும் படித்தேன். கேட்டுப் பார்த்தால் நடுவில் ஆளே மாறின மாதிரி இருந்தது. முதலிலிருந்து எல்லாவற்றையும் புதுக் குரலில் படிக்கிறேன் என்றேன். பழைய பாதியைத் தூக்கிப்போட மாட்டேன் என்றான் அவன். இதற்கு நாங்கள் போட்ட சண்டை, விமானங்களைப் பற்றிப் போட்டதைவிடப் பெரியது. கடைசியில் இரண்டு குரலையும் ஒட்டியது தெரியும்படியே வீடியோ போயிற்று.

கீழே கமெண்ட்டில் ஜெட் ஆட்களும் பிஸ்டன் ஆட்களும் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும், பாதியில் ஏன் அக்காவை மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறார். பதில் எழுத அந்தப் பெட்டியைப் பலமுறை திறந்துவிட்டேன். எழுதுவேன், அழிப்பேன், எழுந்துபோய்த் துணி காய்ந்ததா என்று பார்ப்பேன்.