மூன்று நாள் தீட்டு

பனியே விழாத ஊரில் பனிச்சறுக்குக்குப் பயிற்சி எடுப்பவளை எங்கள் முகப்பேர் அடுக்குமாடியில் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் கேனை முதுகில் கட்டிக்கொண்டு நான் மாடிப்படி ஏறி இறங்குவதைப் பார்த்து, "இன்னா மேடம், தண்ணிக்காரன் வேலைய நீங்க எடுத்துகினீங்களா?" என்பார் வாட்ச்மேன். படிக்கட்டு டைல்ஸ் தேய்கிறது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு புகார்கூட வந்தது. தேயட்டும் என்றேன்.

என் விளையாட்டு இதுதான்: சறுக்குக் கட்டைகளின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு பனிமலையில் ஏற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்துவிட்டு, சறுக்கி இறங்க வேண்டும். முதலில் வருபவருக்கு வெற்றி. கல்லூரி மலையேற்ற முகாமில் பிடித்த கிறுக்கு இது; கல்யாணம், மகன், அம்பத்தூர் ஐடி கம்பெனி வேலை எதுவும் அதைத் தெளிய வைக்கவில்லை. அந்த ஜனவரியில் காஷ்மீரில் இந்திய அணிக்கான தேர்வுப் போட்டி இருந்தது. என் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று பயிற்சியாளர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

சனி, ஞாயிறுகளில் வேப்பம்பட்டில் அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே ரோடு காலி. சக்கரம் வைத்த கட்டைகளை மாட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கோலோடு நான் ஓடினால் தெருநாய்கள் மொத்தமும் பின்னால் வரும். ஆவடி ஃபேக்டரியில் ரிட்டையர் ஆன அப்பா, மொபெட்டில் ஹார்ன் அடித்தபடி எனக்கும் நாய்களுக்கும் நடுவில் வருவார். "நீ முன்னாடி பாத்துப் போம்மா, இதுங்கள நான் பாத்துக்கறேன்" என்பார். எதற்காக இந்தப் பாடு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

கார்த்திகையில் அப்பா செத்துப்போனார். டீ குடித்துக்கொண்டிருந்தவர் சாய்ந்தார், அவ்வளவுதான். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த அண்ணன் மாலையைக் கழற்றிவிட்டுக் கொள்ளி வைத்தான்.

காரியம் முடிந்த அன்று அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய அத்தை, அண்ணனிடம் சொன்னாள்: "ஒரு வருசத்துக்கு மலை ஏறக் கூடாது நைனா. திருப்பதி, பழனி எதுவும் கிடையாது."

காஷ்மீர் போச்சு என்று நினைத்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வருத்தம் வரவில்லை. அப்பாவுக்காக விடுவதற்கு என்னிடமும் ஒன்று இருக்கிறதே என்று ஆறுதலாகத்தான் இருந்தது. "அப்ப நானும் மலைக்குப் போவ முடியாது இல்ல, அத்தை?" என்றேன்.

"ஒனக்கு இன்னாடி? நீ வேற ஊட்டுக்குப் போன பொண்ணு. ஒனக்கு மூணு நாளோட தீட்டு போச்சு. ஜம்முனு போய்ட்டு வா."

கூடத்தில் எல்லோர் முகமும் தெளிந்தது. என் கணவர்கூட, "நல்லவேளை, டிக்கெட்டைக் கேன்சல் பண்ண வேண்டாம்" என்றார். நல்ல மனிதர்தான்; அன்றைக்கு அவரை அறைந்திருப்பேன். பிறந்ததிலிருந்து மகளாக இருந்தவளுக்கு மூன்றே நாளில் கணக்கை முடித்துவிட்டு, அதை வரம் மாதிரி என் கையில் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் வேப்பம்பட்டு ரோட்டில் கட்டைகளை மாட்டினேன். நாய்கள் வந்தன. கோலை வீசித் துரத்தித் துரத்தி ஓடப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வீட்டுக்கு வந்து பயிற்சியாளரை அழைத்தேன். அப்பா இறந்துவிட்டார், எங்கள் வழக்கப்படி ஒரு வருடம் மலை ஏறக் கூடாது என்றேன். என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு முன் அண்ணன் போன் செய்தான். "இன்னா, இன்னும் கெளம்பல? ஒனக்குத்தான் தடை ஒண்ணியும் இல்லியே?"

"எனக்கும் அப்பா செத்துட்டாருண்ணா."

அவன் குரலைத் தாழ்த்தி, "அத்தைகிட்ட சொல்லிகினு இருக்காத" என்றான். "பொறந்த ஊட்டுத் தீட்ட புருசன் ஊட்ல வச்சிகினு கீறன்னு திட்டும்."