கோமு முகத்தைத் திருப்பிக்கிட்டு எடுத்த கணக்கு

மத்தியானம் பன்னிரண்டு நாப்பது. குத்தாலத்துல ரோட்டுக்கு மட்டம் பாத்துக்கிட்டு இருந்தேன். ஊர்த் தலையாரி சைக்கிளைச் சாரல்லயே போட்டுட்டு வந்து நின்னாரு. "தம்பி, கோமுக்குக் காய்ச்சல் கூடிட்டு. காலையிலயே போயிட்டா." நான் கடியாரத்தைப் பாத்து, மட்டம் குறிக்குத லெவல் புஸ்தகத்துல நேரத்தை எழுதினேன். என் பொண்டாட்டி செத்த சேதிக்கு நான் செஞ்ச முதக் காரியம் அதுதான். ஏன்னு தெரியல.

நம்ம ஊர்க்காரங்க உங்க எல்லாருக்கும் அவளைத் தெரியும். ஆனா ஜனக்கணக்கு எடுக்கும்போது அவ என்ன செஞ்சான்னு ஆம்பிளைகள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

யுத்தம் நடக்குத சமயம். நம்ம ஊர்ல ஆளு கம்மி, தனியா ஒரு கிராம முன்சீப்பு எதுக்கு, ஆத்துக்கு அக்கரை ஊரோட சேத்திரலாம்னு தாலுகா ஆபீஸ்ல பேச்சு. சேத்துட்டா பிறப்பு எழுத, இறப்பு எழுத, ஒரு மனு குடுக்க ஆத்தைத் தாண்டணும். வெள்ளம் வந்தா அதுவும் இல்ல.

சர்வே படிச்சவன்னு முன்சீப் அண்ணாச்சி கணக்கெடுக்குத வேலையை என் தலையில கட்டினாரு. வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதினேன். நினைச்சதுக்கு ரொம்பக் குறைஞ்சுது. மூணு தடவை கூட்டினேன். அடுப்பங்கரையில இருந்து கோமு சிரிச்சா.

"உங்க கூட்டல்ல தப்பில்ல. எத்தனை பிள்ளைன்னு கேட்டா எவ முழுசாச் சொல்லுவா? கண்ணு பட்டுரும்னு ஒண்ணைக் குறைச்சுத்தான் சொல்லுவா."

மறுநாள் அரிசி புடைக்குத சொளகை எடுத்துக்கிட்டு எங்கூட வந்தா. வாயால சொல்ல வேண்டாம், பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை இதுல போடுங்கன்னா. முத வீட்டு முத்தம்மாக்கா வாசல்லயே மறிச்சுட்டா.

"ஏட்டி, உனக்கே ஒண்ணும் தங்கல. உன் கண்ணு முன்னால நான் போடவா?"

நான் கிளம்பிருவோம்னு நினைச்சேன். கோமு சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு, சொளகைப் பின்னால நீட்டினா. "இந்தாக்கா, நான் பாக்கல. போடு. என் முதுகுக்கும் கண்ணு இருக்குன்னு மட்டும் சொல்லிராத." அக்காவுக்கே சிரிப்பு வந்துட்டு. கொட்டை விழுத சத்தம் கேட்டுச்சு. அஞ்சு. எங்கிட்ட நாலுன்னு சொல்லியிருந்தா.

அதுக்குப் பிறகு எல்லா வீட்டுலயும் அவ அப்படியே திரும்பித்தான் நின்னா. வர வழியில "வலிக்கலையா"ன்னு கேட்டேன். "கைதான் வலிக்கி"ன்னா. நான் அதுக்கு மேல கேக்கல. கேட்டிருக்கலாம்.

கணக்கு கூடி, ஊரு தப்பிச்சுது. முன்சீப்பும் அவரு புஸ்தகமும் இங்கனயே இருக்கு.

இப்பவும் ஏதாவது கூட்டும்போது அடுப்பங்கரையில சிரிப்புச் சத்தம் வருதான்னு கொஞ்சம் நிறுத்திப் பாக்கேன்.

அவளை எடுத்த மறுநாள், இறப்பு எழுதப் போனேன். அக்கரையில எழுதியிருந்தா யாரு, எந்தத் தெரு, எவன் பொண்டாட்டின்னு ஒவ்வொண்ணாக் கேட்டிருப்பாங்க. அண்ணாச்சி ஒண்ணுமே கேக்கல. பேரு, வயசு, தகப்பன் பேரு எல்லாம் அவராவே எழுதினாரு. பேனா நின்ன ஒரு இடத்துல மை தேங்கிட்டு. நான்தான் ஊதிக் காயவச்சேன்.

அவகிட்ட இருந்து நான் வச்சிருக்கது ஒண்ணுதான். ஒருத்தரால வாய்விட்டுச் சொல்ல முடியாததை, அவங்க முகத்தைப் பாக்காம வாங்கிக்கிடணும். நீங்களும் எனக்கு அப்படிச் செய்யுங்க. வீட்டுக்கு வாங்க, உக்காருங்க. இப்ப வீட்டுல எத்தனை பேருன்னு மட்டும் கேட்டுராதீங்க.